உறுதி யார் கையில்?

கேள்வி: தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கொழுந்து நிறுக்கும்போது அன்றன்றைய கிலோவைக் குறித்து வைத்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்னச் செயலி எழுதியிருக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் உறவினர், “உடனே பேட்டன்ட் எடு, இல்லாவிட்டால் எவனாவது திருடிவிடுவான்” என்கிறார். ஒரு பயிற்சிப் பட்டறையில் பேசிய ஓபன் சோர்ஸ்காரரோ (நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவிடுகிறவர்), மென்பொருளுக்குப் பேட்டன்டே கூடாது, அது பெரிய கம்பனிகளின் ஆயுதம் என்றார். கஷ்டப்பட்டு எழுதியவனுக்கு உரிமை வேண்டாமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: உரிமை வேண்டும், தம்பி. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நிரலை ஒருவர் அப்படியே எடுத்துத் தன் பெயரில் விற்றால் அது திருட்டு. அதைத் தடுக்கப் பதிப்புரிமை போதும். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் புத்தகம், கட்டுரை வரிசையில் வைத்திருக்கிறது. விண்ணப்பமும் கட்டணமும் தேவையில்லை. எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நிற்கிறது. உங்கள் உறவினர் இதையும் பேட்டன்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்.

பேட்டன்ட், நம் சட்டம் சொல்கிறபடி ஆக்கவுரிமை, உங்கள் எழுத்தைத் தொடுவதே இல்லை. யோசனையைச் சுற்றி 20 ஆண்டுகளுக்கு வேலி போடுகிறது. அதே யோசனை இன்னொருவருக்குத் தானாகத் தோன்றியிருக்கலாம், உங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் வழக்கு வந்தால் “நானே யோசித்தேன்” என்ற பதில் அவரைக் காப்பாற்றாது.

மலையகத்து ஆளுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. 1840இல் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்றது. கண்டிச் சீமைக் கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த நிலத்துக்கு எழுத்தில் என்ன இருந்தது? அந்த நிலம் கோப்பித் தோட்டங்களுக்குப் போனது. அப்புறம் அந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள் பலர் இன்றைக்கும் காணி உறுதி இல்லாமல் லயத்தில் இருக்கிறார்கள். வேலை செய்த கை ஒன்று, பத்திரம் பிடித்திருக்கும் கை வேறொன்று. மென்பொருள் பேட்டன்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

1999 செப்டம்பரில் அமெரிக்காவில் அமேசனுக்கு ஒரு பேட்டன்ட் கிடைத்தது. இணையக் கடையில் ஒரே கிளிக்கில் பொருள் வாங்குவது, அவ்வளவுதான் விஷயம். அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்கு. டிசம்பரில், கிறிஸ்மஸ் வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில், நீதிமன்றம் தடை போட்டது. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் பேட்டன்ட் 2017 வரை உயிரோடு இருந்தது. வழக்கறிஞர் படை வைத்திருந்த பெரிய புத்தகக் கம்பனிக்கே இந்த நிலை என்றால், தலவாக்கலையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர் என்ன செய்வார்?

“தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பேட்டன்ட் இருக்கலாம், செயலிக்குக் கூடாதா?” என்று உங்கள் உறவினர் கேட்கக்கூடும். இயந்திரம் கண்முன் நிற்கிற பொருள். எது புதிது என்று காட்டலாம். ஒரு சாதாரண நிரலிலோ நூற்றுக்கணக்கான யோசனைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றால் யாருமே எழுத முடியாது. பெரிய கம்பனிகள் தங்களுக்குள் பேட்டன்டுகளைப் பண்டமாற்றுச் செய்துகொண்டு சமாளிக்கின்றன. மாற்றுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? 2007இல் மைக்ரோசொப்ட், லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ளிட்ட, எவரும் எடுத்து மாற்றக்கூடிய சுதந்திர மென்பொருட்கள் தன்னுடைய 235 பேட்டன்டுகளை மீறுகின்றன என்று அறிவித்தது. எந்தெந்தப் பேட்டன்ட் என்று பட்டியல் தரவில்லை. அச்சுறுத்த எண்ணிக்கையே போதும் என்று நினைத்தார்கள். அதே கம்பனி 2018இல் லினக்ஸைக் காக்கும் பேட்டன்ட் கூட்டமைப்பில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் மனம் மாறும் வரை காத்திருப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

கம்பனி செல்வாக்கு பற்றி அந்த ஓபன் சோர்ஸ்காரர் சொன்னது மிகையில்லை. ஐரோப்பாவில் மென்பொருள் பேட்டன்டுக்கு வழி திறக்கும் சட்ட வரைவைப் பெரிய கம்பனிகள் பல ஆதரித்தன. 2004 டிசம்பர் 21 அன்று அதை விவசாய, மீன்பிடி அமைச்சர்களின் கூட்டத்தில், விவாதமில்லாமல் நிறைவேற்ற வைத்திருந்தார்கள். போலந்து அமைச்சர் ஒருவர் பிரசல்ஸுக்கு நேரில் போய் அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்கவைத்தார். 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 648க்கு 14 என்ற வாக்குகளில் அந்த வரைவை நிராகரித்தது. நிரலாளர்கள் தெருவிலும் இறங்கிப் போராடியதற்குக் கிடைத்த பலன் அது.

அந்த மீன்பிடிக் கூட்டம் நடந்து ஐந்தாம் நாள்தான் நம் கரையில் சுனாமி. காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து வைக்க நம் நாட்டு நிரலாளர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளைத் தன்னார்வமாக எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது உதவியது. அந்த நாட்களில் யாராவது பேட்டன்ட் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு இருந்திருக்க முடியுமா?

சரி, உங்கள் செயலிக்கு வருவோம். நம் சட்டம் கணித முறைக்கும் வியாபார முறைக்கும் ஆக்கவுரிமை தருவதில்லை. கிலோவைக் கூட்டிக் கழிக்கிற கணக்குக்காக விண்ணப்பம் எழுதிப் பணத்தைக் கரைக்காதீர்கள். நிரலை ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் திகதியோடு வெளியிடுங்கள். அதை எடுத்து மேம்படுத்திப் பரப்புகிறவர், தன் பேட்டன்டைக் காட்டி மற்றவர்களை மடக்க முடியாதபடி அந்த உரிமத்திலேயே விதி இருக்கிறது. நாளை ஒருவர் இதையே “நான் புதிதாகக் கண்டுபிடித்தேன்” என்று வந்தால், உங்கள் திகதி அவருக்கு எதிரான சான்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் தராசு முள்ளை எட்டிப் பார்த்தாலே திட்டு விழும். கணக்கப்பிள்ளை சொன்னதுதான் கிலோ, செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், விழுந்ததுதான் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். அரைப் பேர் ஏன் விழுந்தது என்று அம்மா கடைசி வரை கேட்கவில்லை. உங்கள் செயலி எப்படிக் கணக்குப் போடுகிறது, எதைக் கழிக்கிறது என்று தோட்டத்துப் பிள்ளைகள் திறந்து பார்க்க முடிய வேண்டும். வெளியிட்டதும் எழுதுங்கள். போனில் அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று விளக்க அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.
– ஆசிரியர்