பாங்கறிந்து ஏறும் மேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். மதச்சார்பற்ற தத்துவம் பற்றிய உரைக் கூட்டங்களுக்குத் தோழி ஒருத்தி என்னை அழைத்துக்கொண்டே இருக்கிறாள். போனால் என் நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்குமா? அல்லது அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் தேவையில்லை. உங்கள் ஐயத்தின் வயது, மதச்சார்பின்மையைக் குறிக்கும் 'செக்யூலரிசம்' என்ற ஆங்கிலச் சொல்லின் வயதேதான். 1851-இல் அச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக 1842-இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவரே, கடவுள் மறுப்பு இக்கொள்கைக்கு நுழைவுச் சீட்டு அன்று என்றார். இவ்வுலக வாழ்வின் நன்மை தீமைகளை இவ்வுலகத்துக் காரணங்களைக் கொண்டு ஆராய்வோம், மறுமையைப் பற்றிய முடிவை அவரவரிடமே விட்டுவிடுவோம் என்பது அவருடைய நிலைப்பாடு. 1866-இல் இங்கிலாந்தில் தேசிய செக்யூலர் சங்கத்தைத் தொடங்கிய சார்லஸ் பிராட்லா இதை ஒப்பவில்லை. தயங்காமல் சிந்திப்பவர் இறைமறுப்பில்தான் வந்து நிற்பார் என்று வாதிட்டார். 1870-இல் இருவரும் ஒரே மேடையில் இரண்டு இரவுகள் இதைப் பற்றி விவாதித்தார்கள். இன்றளவும் அந்த வழக்குத் தீரவில்லை.

தத்துவத்தில் வென்றவர் யார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கூட்டம் நடத்துவது என்று வந்துவிட்டால் நான் ஹோலியோக்கின் பக்கம். அத்தகைய அவையில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான்: ஒரு கருத்தைப் பிறரும் ஏற்க வேண்டும் என்று கோரும்போது, உங்கள் நம்பிக்கையில் பங்கில்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணத்தைச் சொல்ல வேண்டும். 'என் மறைநூலில் இருக்கிறது' என்பது உங்களுக்குப் போதுமான காரணமாக இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் போதாது. அதே நிபந்தனை அவருக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். 'படித்தவர்கள் யாரும் இதையெல்லாம் நம்புவதில்லை' என்று அவர் சொன்னால் அதுவும் காரணம் ஆகாது.

கேள்வி: சிறிய குழுவாக மாதந்தோறும் உரைக் கூட்டம் நடத்துகிறோம். சென்ற முறை மருத்துவமும் நம்பிக்கையும் பற்றிய உரைக்குப் பின், பெண் ஒருவர் எழுந்து தம் தாயார் பிரார்த்தனையால் பிழைத்ததைச் சொன்னார். பேச்சாளர் ஒரு நகைச்சுவைத் துணுக்கால் பதில் சொல்ல, அவையே சிரித்தது. அந்தப் பெண் வெளியேறிவிட்டார். எங்கே தவறினோம்?

பதில்: சிரித்த இடத்தில் தவறினீர்கள். அதற்கு முன்பே, கேள்வி நேரத்தை உரையின் வாலாகக் கருதியதிலும் தவறினீர்கள். இத்தகைய கூட்டத்தின் உயிர் கேள்வி நேரத்தில்தான் இருக்கிறது; உரையை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண் சொன்னதில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. தாய் நோயுற்றார், மகள் பிரார்த்தித்தார், தாய் பிழைத்தார் என்பது அவர் வாழ்ந்து கண்டது. அதை மறுக்கும் தகுதி அவையில் எவருக்கும் இல்லை. பிரார்த்தனையால்தான் பிழைத்தார் என்பது அதிலிருந்து அவர் பெற்ற முடிவு; அதை ஆராய எல்லோருக்கும் உரிமை உண்டு. அதே பிரார்த்தனை செய்தும் தாயை இழந்தவர்களின் கதையை யார் கணக்கில் சேர்ப்பது என்று பேச்சாளர் பணிவோடு கேட்டிருந்தால், அது கூர்மையான கேள்வியாகவும் இருந்திருக்கும், அவரை நாற்காலியில் இருத்தியும் வைத்திருக்கும். நோய்ப்படுக்கையருகே விழித்திருந்த இரவுகளில் பிரார்த்தனை அந்த மகளுக்கு என்ன செய்தது என்பது வேறொரு கேள்வி. தனிமனித நம்பிக்கை பற்றிப் பேசும் அவை அதையும் கேட்டிருக்க வேண்டும்.

நேரில் கண்டதையே நம்புவேன் என்று சொல்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி வேற்றுருக் கொண்டு வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்கிறாள். கண்கூடாகக் கண்டதைத் தவிர, ஊகித்து அறியும் கருத்தளவையை ஏற்க மாட்டேன் என்று பூதவாதி (உலகம் பூதங்களால் மட்டுமே ஆனது என்னும் பொருள்முதல்வாதி) சொன்னதும், உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அவளும் நகைக்கத்தான் செய்கிறாள்; ஆனால் அதற்கு முன் அத்தனை பேரின் வாதத்தையும் முழுமையாகக் கேட்டு முடித்திருக்கிறாள். அதே காப்பியத்தில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் 'பாங்கறிந்து ஏறுமின்', அதாவது முறையறிந்து ஏறுங்கள், என்று அழைத்துவிட்டு, பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். சினமும் கலகமும் இல்லாமல் விலகிப் போங்கள் என்பதை விழா அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது என்றால், அன்றும் அவைகளில் நாற்காலி பறந்திருக்கும் போலிருக்கிறது.

நடைமுறையில், உரைக்குத் தரும் நேரத்துக்குக் குறையாத நேரத்தைக் கேள்விகளுக்குத் தாருங்கள். பேச்சாளரோடு மோதலோ நெருக்கமோ இல்லாத ஒருவரை நெறியாளராக்குங்கள். மறுப்பவர், தாம் மறுக்கும் கருத்தை அதைச் சொன்னவர் 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்பும்படி முதலில் எடுத்துரைத்துவிட்டு மறுக்கட்டும். தன் தரப்பை மட்டும் அறிந்தவன் அதையும் சரியாக அறியாதவனே என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதியதன் பொருள் இதுவே. எதிர்த்தரப்பு வாதத்தை அதை உண்மையிலேயே நம்புகிறவரின் வாயால் கேட்க வேண்டும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால், அன்று உங்கள் அவைக்கு மிகவும் தேவைப்பட்டவரைத்தான் வெளியே அனுப்பிவிட்டீர்கள். முடிந்தால் போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, திரும்ப அழையுங்கள்.

கேள்வி: மதம் வேண்டாம் என்பவர்கள் எதற்காக ஞாயிறுதோறும் கூட வேண்டும்? இது ஆலயத்தைப் போலி செய்வதாகாதா?

பதில்: போலி என்பதைவிட எச்சம் என்பது பொருந்தும். லண்டனில் இன்று கான்வே ஹால் என்ற அரங்கில் இயங்கும் அறநெறிச் சங்கம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நித்திய நரகம் என்ற கோட்பாட்டை ஏற்க மறுத்த ஒரு கிறித்தவச் சபையாகத்தான் தொடங்கியது. கோட்பாடுகள் ஒவ்வொன்றாக உதிர, 1888-இல் அது அறநெறிச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடைசிவரை உதிராமல் நின்றது கூடிக் கேட்கும் பழக்கம். தமிழிலும் 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்தி இத்தகைய விவாதங்களை அச்சேற்றினார்கள்.

ஆனால் கேட்பதோடு நின்றுவிடும் கூட்டம் விரைவில் அலுத்துவிடும் என்பது என் கருத்து. நியூயார்க்கில் அறப்பண்பாட்டுச் சங்கத்தை உருவாக்கிய ஃபீலிக்ஸ் ஆட்லர் கொள்கையைவிடச் செயலை முன்னிறுத்தினார். 1878-இல் உழைப்பாளிகளின் குழந்தைகளுக்குக் கட்டணமில்லா மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது, ஏழைகளின் வீடுகளுக்குச் செவிலியர்கள் அனுப்பப்பட்டார்கள். கடவுள் உண்டா என்பதில் ஒத்துப்போகாதவர்கள், குழந்தைக்குப் பள்ளி வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

கேள்வி: எங்கள் மேடையில் மதகுரு ஒருவரைப் பேச அழைக்கலாமா?

பதில்: தாராளமாக அழைக்கலாம். உரை முடிந்ததும் கேள்வி நேரத்துக்கு இருப்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். பகுத்தறிவுப் பேச்சாளரை அழைக்கும்போதும் இதையே கேளுங்கள். உரை முடிந்ததும் புறப்பட அவசரப்படுகிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.