பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி ஆதார் எடுக்கலாமா?

கேள்வி: 2021-ல் கனடா குடியுரிமை பெற்றேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவில்லை; 2028 வரை செல்லும். அப்பா விட்டுப்போன வீட்டில் என் பங்கைக் கேட்டால், “ஆதார்கூட இல்லாத உனக்கு ஏது பங்கு?” என்கிறான் தம்பி. அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து ஆதார் எடுக்கலாம் என்கிறார் புரோக்கர். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மூன்று வார விடுமுறை.

பதில்: அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார், தம்பி மனைவி என்ன சொன்னார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. வழக்குக்கு அது எதுவும் உதவாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கனடா குடியுரிமை வாங்கிய அன்றே, குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9-ன்படி உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. பாஸ்போர்ட்டில் 2028 என்று இருப்பதால் அது திரும்பி வராது.

182 நாள் காத்திருக்காமல் ஆதார் எடுக்கலாம் என்ற 2019-ம் ஆண்டுச் சலுகை, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டுக் குடிமக்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். மூன்று வாரத்தில் அது நடக்காது.

புரோக்கர் சொன்ன வழியில் போய் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டை என்னவோ வந்துவிடும். வினை பாகப்பிரிவினை வழக்கில் முளைக்கும். என் கட்சிக்காரர் ஒருவர் கூண்டில் நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் ஆதார் விண்ணப்ப நகலையும் வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்றையும் நீட்டி, “இரண்டிலும் உள்ள தேதியை வாசியுங்கள்” என்றார். வேறு கேள்வியே கேட்கவில்லை. சொத்தில் அவருக்கு உரிமை இருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நீதிமன்றம் நம்பத் தயாராக இல்லை. நீங்கள் எப்போது குடியுரிமை மாற்றினீர்கள் என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும். இன்னும் இந்தியக் குடிமகள் என்று பொய் உறுதிமொழி கொடுத்த கையெழுத்தை அவர் கையில் நீங்களே கொடுக்காதீர்கள். குடியுரிமை மாறிய பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் அபராதமும் உண்டு.

இன்னொன்று, ஆதார் குடியுரிமைக்கே சான்று இல்லை. ஆதார் சட்டத்தின் பிரிவு 9 அப்படித்தான் சொல்கிறது. வாரிசுரிமைக்கு மட்டும் எப்படிச் சான்றாகும்? அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் நீங்கள் மகள் என்பதே போதும். தம்பி சொல்வது வெறும் மிரட்டல்.

கனடா திரும்பியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பத்திரத்துக்கு நேரில் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். பவரை யார் பெயரில் எழுதினாலும் தம்பி பெயரில் எழுதாதீர்கள்.

வீடு ஒன்று, பங்குதாரர் இருவர். வழக்குப் போட்டால் வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடும், ஒவ்வொரு முறையும் டிக்கெட் செலவு உங்களுக்குத்தான். வீட்டுக்கு மதிப்பு போடச் சொல்லுங்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தம்பி கொடுத்தாலும், பணம் வங்கிக் கணக்குக்கு வந்தபின், உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போகாதீர்கள். வாங்கிய நேரத்தை இன்றே ரத்து செய்யுங்கள்.