கேபர் தடிக்கு ஏற்ற மரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்கள் கிராமத்தில் கோடைதோறும் நடக்கும் ஹைலாண்ட் விளையாட்டு விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவந்த கேபர் தடி சென்ற விழாவில் தரையில் மோதிய வேகத்தில் நடுவே முறிந்துவிட்டது. புதிய தடிக்கு மரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. எந்த மரத்தை, எந்த அளவில், எங்கே தேட வேண்டும்?

பதில்: கேபர் எறிதலைப் பார்த்திராத வாசகர்களுக்காக முதலில் சில வரிகள். வீரர் நீண்ட மரத்தடியின் மெலிந்த முனையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, தடியைத் தோளில் சாய்த்து நிமிர்த்தியபடி சிறிது தூரம் ஓடி, சட்டென நின்று மேல்நோக்கி உந்துகிறார். பருத்த முனை தரையில் ஊன்றிக்கொள்ள, அவர் கையிலிருந்த மெலிந்த முனை மேலெழுந்து அப்பால் சாய்ந்து விழ வேண்டும். எவ்வளவு தூரம் போயிற்று என்று அளப்பதில்லை. வீரர் ஓடிய திசைக்கு நேராகத் தடி விழுந்ததா என்பதையே நடுவர் பார்க்கிறார். கடிகார முகப்பில் பன்னிரண்டு மணிக்கு நேரே விழுந்தால் அது குறையற்ற எறிதல்.

சுத்தியல் என்றால் 16 அல்லது 22 பவுண்டு, தூரத்துக்கு எறியும் எடை என்றால் 28 அல்லது 56 பவுண்டு என்று இந்த விளையாட்டுகளில் மற்றவற்றுக்கு அளவு உண்டு. கேபருக்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் தடி. பிரேமரில் 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு தடி யாருக்கும் வசப்படாமல் கிடந்து, 1951இல்தான் ஜார்ஜ் கிளார்க் அதை முதன்முதலாகப் புரட்டினார். அத்தகைய தடியை மனத்தில் வைத்துக்கொண்டு கிராம விழாவுக்கு மரம் தேடாதீர்கள். ஒருவராலும் புரட்ட முடியாத தடியால் போட்டியும் நடக்காது, பார்ப்பவர்களுக்கும் எதுவும் கிடைக்காது. ஐந்து முதல் ஐந்தரை மீட்டர் நீளமும், போட்டி நாளன்று 45 முதல் 60 கிலோ எடையும் உள்ள தடி, உள்ளூர் வீரர்களில் தேர்ந்தவர்களுக்குப் போதிய சவாலாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் உங்கள் விழாவுக்கு வருகிறவர்களின் பலம் உங்கள் குழுவுக்குத்தான் தெரியும்; மரத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்களில் இருவரிடமாவது பேசிவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் கேபருக்கு மரபாக எடுத்துவருவது லார்ச் என்ற ஊசியிலை மரம். உங்கள் பெர்த்ஷயருக்கு இதில் தனிப்பெருமை உண்டு: டங்கெல்ட் வட்டாரத்தில் அத்தோல் பிரபுக்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே லார்ச் நடத் தொடங்கி, அதன்பின் மலைச்சரிவுகளை இலட்சக்கணக்கான மரங்களால் நிரப்பினார்கள். லார்ச்சின் வைரம் கெட்டியானது, மோதலைத் தாங்கும், எடையும் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஸ்காட்ஸ் பைன் அல்லது டக்ளஸ் ஃபர் பார்க்கலாம். சிட்கா ஸ்ப்ரூஸ் எங்கும் கிடைக்கும், நேராகவும் வளரும். ஆனால் காய்ந்தபின் மிகவும் இலேசாகிவிடும் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டிய இடம், மரங்களைக் கலைத்துவிடும் வேலை நடக்கும் தோட்டக்காடு. நெருக்கமாக நட்ட மரங்களில் ஒரு பகுதியை இடையிடையே வெட்டி எடுத்து, மற்றவை பருக்க இடம் விடுவார்கள். அப்படி வெட்டப்படும் இளமரங்களே கேபருக்கு உரிய பருமன் கொண்டவை. காட்டின் விளிம்பில் நிற்கும் மரம் பார்க்க அழகாக இருந்தாலும் நாடாதீர்கள். வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் அது கீழிருந்தே கிளை விட்டிருக்கும், அடி பருத்து நுனி சட்டெனச் சிறுத்திருக்கும். உள்ளே, வெளிச்சத்துக்காக ஒன்றையொன்று முந்தி உயர்ந்த மரங்களின் கீழ்ப்பகுதியில் உயிருள்ள கிளைகள் இரா. பருமனும் மெதுவாகவே குறையும். நெஞ்சளவு உயரத்தில் அளவு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். பட்டையோடு சுற்றளவு 65 சென்டிமீட்டர் அளவில் இருந்தால், வேரையொட்டிப் பருத்திருக்கும் பகுதியை ஒதுக்கி அதற்கு மேலிருந்து எடுக்கும் தடியின் பெரிய முனை ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் விட்டமும், ஐந்தரை மீட்டருக்கு அப்பால் சிறிய முனை 11 சென்டிமீட்டர் விட்டமும் கொண்டதாக அமையக்கூடும். எறிபவர் கையில் இருப்பது மரத்தின் நுனிப்பக்கம், வானத்தை நோக்கி இருப்பது அடிப்பக்கம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பிறகு மரத்தைச் சுற்றி நடந்து, இரண்டு திசைகளிலிருந்தாவது அண்ணாந்து பாருங்கள். ஒரு பக்கமிருந்து நேராகத் தெரிவது மறுபக்கமிருந்து வில்லாக வளைந்திருக்கலாம். வளைந்த தடி உள்ளங்கையில் உருளும். வீரர் எவ்வளவு நேராக ஓடினாலும் அது பக்கவாட்டில் விழும். பட்டையின் பிளவுகள் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறினால் உள்ளே நார் முறுக்கியிருக்க வாய்ப்புண்டு, அதையும் விலக்குங்கள். பல ஊசியிலை மரங்களில் கிளைகள் வளையம் வளையமாகக் கிளைப்பதால் கணுக்களும் ஒரே மட்டத்தில் கூடிவிடும். உங்கள் பழைய தடி முறிந்த இடத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே கருத்து, சுற்றிலும் பிடிப்பு விட்டுப்போன கணு இருந்தால், செத்த கிளையின் கணு உள்ளே ஒட்டாமல் நின்று தடியைப் பலவீனப்படுத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். புதிய மரத்தின் நடுப்பகுதியில் அப்படிப்பட்ட கணு வளையம் வராதபடி எங்கே துணிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மரத்தை எப்போது வெட்டுவது நல்லது? அனுமதி ஏதேனும் வேண்டுமா?

பதில்: குளிர்காலத்தில் வெட்டுங்கள். அப்போது காற்றின் ஈரமும் குளிரும் மரத்தை மெதுவாகக் காயவிடும், வெடிப்பு குறையும், கோடை விழாவுக்கு முன் சில மாதங்களும் கையில் இருக்கும். ஆனால் மரத்தைத் தேர்ந்து அடையாளமிடும் வேலையைக் கோடையிலோ இலையுதிர்வுக்கு முன்போ முடித்துவிட வேண்டும். லார்ச் ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலையுதிர்ப்பது. பனிக்காலத்தில் உயிருள்ளதும் பட்டதும் ஒன்றுபோலவே நிற்கும். ஐயமாக இருந்தால் ஒரு சிறு கொம்பின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிய வேண்டும்.

நிலத்துக்கு உரியவரின் சம்மதம் முதலில். அதற்கு மேல், ஸ்காட்லாந்தில் 2019 ஏப்ரல் முதல் மரம் வெட்ட ஸ்காட்டிஷ் ஃபாரஸ்ட்ரி என்ற அரசு அமைப்பின் அனுமதி பொதுவாகத் தேவை. ஒரு காலாண்டில் 5 கனமீட்டர் வரை வெட்டுவதற்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஒரு கேபர் தடியின் கன அளவு ஒரு கனமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் இரண்டு மூன்று மரங்கள் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆயினும் நிலக்காரர் அதே காலாண்டில் வேறு மரங்களை வெட்டியிருக்கிறாரா, அந்த இடத்துக்கோ மரத்துக்கோ தனிப் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லார்ச்சைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நோய் 2009 முதல் பிரிட்டனின் லார்ச் தோட்டங்களை அழித்துவருகிறது. ஸ்காட்லாந்தில் காலோவே பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோய் கண்ட தோட்டத்து மரத்தை உரிமம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு விழாவுக்காக எடுத்துவரும் ஒற்றைத் தடியோடு நோயும் வந்தால், அத்தனை காலமாக வளர்ந்த உங்கள் மலைச்சரிவுகளுக்கு அது பேரிழப்பாகும். ஆகவே அந்தத் தோட்டம் நோயற்றது என்று அங்குள்ள வன அலுவலரிடம் உறுதி செய்த பிறகே மரத்தைத் தொடுங்கள். வெட்டும் வேலையைப் பயிற்சி பெற்ற சங்கிலி ரம்பக்காரரிடம் விடுங்கள். நெருக்கமான காட்டில் வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கி நிற்பது வழக்கம், அதை இறக்குவது பழகாதவர் வேலையன்று.

கேள்வி: வெட்டி வந்த மரத்தைத் தடியாக்குவது எப்படி?

பதில்: முதல் வேலை, விரும்பும் நீளத்தைவிட அரை மீட்டராவது கூடுதலாக விட்டுத் துணிப்பது. குறைப்பது எந்நாளும் முடியும். இரு முனைகளிலும் அன்றைக்கே மெழுகோ கெட்டியான வண்ணமோ பூசிவிடுங்கள். மரத்தின் ஈரம் வெட்டுமுகம் வழியாகவே விரைவாக வெளியேறும், வெடிப்பும் அங்கிருந்தே புறப்படும். குளிர்காலத்தில் வெட்டிய மரத்தின் பட்டை இறுகப் பிடித்திருக்கும். இருபுறமும் கைப்பிடி உள்ள, தன்பக்கம் இழுத்துச் சீவும் கத்தியால் பொறுமையாக எடுக்க வேண்டும். கணுக்களைத் தண்டின் மட்டத்துக்குச் சீவுங்கள், அதற்குக் கீழே குடைந்துவிடாதீர்கள்.

வீரரின் கழுத்தும் தோளும் கன்னமும் படுகிற சிறிய முனைப் பக்கத்து இரண்டு மீட்டரில் ஒரு சிம்பும் இருக்கக் கூடாது. வெறுங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்து, உறுத்தும் இடமெல்லாம் உப்புத்தாள் போடுங்கள். பைன் மரமானால் கசியும் பிசினைத் துடைத்து எடுங்கள். சிறிய முனையின் விளிம்பை முழுதும் வளைத்துச் சீவிவிட வேண்டும். கோத்த விரல்களும் உள்ளங்கைகளும் அந்த விளிம்புக்கு அடியில்தான் முழு எடையையும் தாங்குகின்றன, கூரான விளிம்பு ஒரே எறிதலில் தோலைக் கிழித்துவிடும். பெரிய முனையின் விளிம்பையும் மழுக்குங்கள், இல்லையேல் தரையில் ஊன்றும்போது அது சிலும்பாகப் பிளந்து போகும்.

எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நான் மேலே சொன்ன அளவுள்ள தடி, ஒரு கனமீட்டருக்கு 850 கிலோ என்ற பச்சை மரக் கணக்கில் ஏறக்குறைய 79 கிலோ இருக்கும். 600 கிலோ என்ற அளவுக்கு உலர்ந்தபின் அதுவே 56 கிலோவுக்கு அருகில் வந்துவிடும். வெட்டிய வாரத்தில் தூக்கிப் பார்த்து, கனம் அதிகம் என்று துண்டித்துவிட்டால், விழா நாளில் உங்கள் கையில் இருப்பது குட்டையான, இலேசான கழி. ஆகவே கூரையின் கீழ், தரையில் படாமல், மூன்று நான்கு தாங்குகட்டைகளின் மேல் கிடைமட்டமாக வைத்து, மாதம் ஒருமுறை புரட்டிவிட்டு எடை போட்டு எழுதிவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

இரண்டு வீட்டு எடைமேடைகள் போதும். ஒவ்வொரு முனையையும் ஒரு மேடைமேல் தாங்கச் செய்து, இரண்டு அளவுகளையும் கூட்டினால் மொத்த எடை. ஐந்தரை மீட்டர்த் தடியில் பெரிய முனை 35, சிறிய முனை 25 காட்டினால் மொத்தம் 60 கிலோ. எடைமையம் சிறிய முனையிலிருந்து 3.2 மீட்டரில் இருக்கிறது. இது நல்ல அமைப்பு. மையம் மேலே போகப்போக நிமிர்த்திப் பிடிப்பது கடினமாகும், ஒருமுறை சாயத் தொடங்கினால் அடக்குவதும் அரிது. எனவே எடை ஒன்றே ஆனாலும் இரண்டு தடிகள் வீரருக்கு ஒன்றாக இரா. எடையோடு மையத்தையும் பதிந்துவையுங்கள்.

கேள்வி: பழைய தொலைபேசிக் கம்பம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய கம்பங்களில் கிரியோசோட் போன்ற பாதுகாப்பு மருந்து ஊறியிருக்கும். தோலில் அழுத்திப் பிடிக்கும் பொருளுக்கு அது தகாது.

கேள்வி: புதிய தடியை யாராலும் புரட்ட முடியாவிட்டால் என்ன செய்வது? ஆண்டுகள் போகப்போக அது காய்ந்து இலேசானால்?

பதில்: எல்லோரும் முயன்றும் புரளாவிட்டால் களத்திலேயே ஒரு துண்டை அறுத்துக் குறைப்பது பழைய வழக்கம். ஒருமுறை யாரேனும் புரட்டிவிட்ட தடியை அதன்பின் குறைக்கக் கூடாது என்பதும் மரபு, அதை நீங்களும் காத்துவாருங்கள். அறுக்கும்போது பெரிய முனையில் ஒரு கையகலத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். எடை அதிகமாக இருப்பது அங்கேதான் என்பதால் சிறு துண்டும் பெரிய மாற்றத்தைத் தரும்.

காய்ந்த தடியைச் சில ஊர்களில் ஆற்றிலோ ஏரியிலோ ஊறவைத்துக் கனம் ஏற்றுவார்கள். ஊறிய நீர் வெளிப்புறத்தில்தான் நிற்கும், வெயில் பட்டதும் போய்விடும். ஆண்டுதோறும் நனைத்துக் காயவிட்டால் வெடிப்பும் ஆழமாகும். அதைவிட, இரண்டாவதாக ஒரு மரத்தை இப்போதே வெட்டிக் காயவைப்பது நல்லது. முதல் தடி இலேசானதும் அது இளையோருக்கும் பெண்கள் போட்டிக்கும் போகும், புதியது அதன் இடத்துக்கு வரும். எந்தத் தடியானாலும் விழா அன்று காலையில் ஒருமுறை எடை போட்டு, நீளவாக்கில் ஆழமான வெடிப்பு உள்ளதா என்று விரலால் தேடிப் பார்த்து, மரச்சுத்தியால் தட்டி ஓசை கேட்ட பிறகே களத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மழுங்கினால் அங்கே உள்ளுக்குள் உளுத்திருக்கலாம். அந்தத் தடியை அன்று எறியவிடாதீர்கள்.