இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் மழைநீர் இறங்குகிறதா?

வணக்கம் சார். பக்கத்து வீட்டுச் சுவர் உங்களுடையதைவிட ஓரடி உயரம், நடுவில் 3 அங்குலச் சந்து, மழை பெய்தால் படுக்கையறைச் சுவர் ஊறுகிறது, மேஸ்திரி மேலே கலவை போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். இதுதானே நீங்கள் கேட்டது? தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். இரண்டும் தனித்தனி அஸ்திவாரம். வெயிலில் விரிவதும் மண்ணில் அமர்வதும் வேறு வேறு அளவில் நடக்கும். சிமென்ட் அந்த அசைவைத் தாங்காது, விரிசல் விடும். மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

தகடுதான் வழி. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியத் தகட்டைப் பட்டறையில் மடித்து வாங்குங்கள். உயரமான சுவரில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி (நீளமான பள்ளம்) வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதில் சொருகி, பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல வளைந்துகொடுக்கும் அடைப்புப் பசை) அடிக்க வேண்டும். மறு விளிம்பு சரிவாக வந்து உங்கள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மொட்டைமாடிப் பக்கம் மடிந்து தொங்கட்டும். அந்தப் பக்கம் திருகு போடவே கூடாது, சுவர்கள் அசையும்போது தகடு நகர இடம் வேண்டும். ஆர்வக்கோளாறில் ஆள் போட்டுவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். தகடும் தகடும் சேரும் இடத்தில் 4 அங்குலமாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், நடுவில் சீலன்ட்.

காடி வெட்டுவது அவர்கள் சுவரில் என்பதால் முதலில் அவர்களிடம் பேசிவிடுங்கள். தண்ணீர் உங்கள் மாடியில்தான் விழும் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மூடுவதற்கு முன் சந்தில் கிடக்கும் செங்கல் துண்டு, சருகு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் வலை மட்டும் அடியுங்கள், காற்று போகட்டும். அப்புறம், சுவர் நன்றாகக் காயும்வரை உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் தகடு வேலையை முடித்துவிடுங்கள்.