காணிக்கை கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வருமா?

"தசமபாகம் கொடுத்தால் பணம் பல மடங்காகத் திரும்பும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுப்பது. கேட்கிற விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரோ கைக்கு மீறிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அது அம்மா.

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவன். இன்றும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன். காணிக்கையே கூடாது என்று சொல்ல வரவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார், கருப்பட்டி வியாபாரமும் உண்டு. 1999-ல் கடை நொடித்தது. ஊரே கடனுக்கு வாங்கியது, திருப்பிக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்தச் சமயம் பக்கத்து ஊர் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கூட்டம். பேசியவர் வெளியூர்க்காரர். தொழில் விழுந்தால் ஆண்டவருக்குரிய பத்தில் ஒன்றை நாம் தின்றுவிட்டோம் என்று அர்த்தமாம். இன்று விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாமாம். அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியை 6,000 ரூபாய்க்கு அடகு வைத்தார். காணிக்கைக் கவரில் பைபிளின் மல்கியா புத்தகத்து வசனம் 3:10 அச்சடித்திருந்தது. தொகைக்கான இடத்தில் 5,000 என்றும், ஜெப விண்ணப்பம் என்ற கோட்டில் 'கடை' என்று ஒரே வார்த்தையும் எழுதினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடை திறக்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கூட்டத்தை நடத்திய ஊழியத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "உங்க விசுவாசத்துலதான் எங்கேயோ குறை" என்றார். அப்பா திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடன்காரன் வாசலில் வந்து கத்தியபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கிப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் மல்கியாவை நானே உட்கார்ந்து வாசித்தேன். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழிய வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று பத்தாம் வசனம் சொல்வது உண்மை. ஆனால் அதே அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருகிறார். அதை எந்தக் கவரிலும் நான் பார்த்ததில்லை. பைபிளின் இன்னொரு புத்தகமான உபாகமம் 14-ல், மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணிக்குரிய லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக என்றே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், அந்த வருஷம் எங்கள் வீடு வாங்கும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பணக்காரனாக இருப்பது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. இயேசுவுக்குத் தன் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவான்தான்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கென்ன, வெளிநாட்டுப் பணம் வருது" என்று அலுவலகத்தில் இருபது வருஷமாகக் கேட்கிறேன். 1903-ல், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் மற்றவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோதே இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்றுதான் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோவிலுக்குக் கொடுத்தார்கள். கடை மூடிய பிறகும் அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதைச் சேர்த்தார். அதற்கு நூறு மடங்கு வரும் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

2004-ல் எனக்கு வேலை கிடைத்து, வட்டியோடு சங்கிலியை மீட்டோம். செய்தி போய், அதே ஊழியத்திலிருந்து அம்மாவைக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை. "வேலை குடுத்தது ஆண்டவர்தான் ஐயா. ஆனா அந்த அஞ்சாயிரத்துக்குப் பதிலா குடுத்தாருன்னு நான் மேடையில ஏறிச் சொல்ல மாட்டேன்" என்றார்.

உங்கள் வீட்டில் நகை அடகுக்குப் போகிற நிலை என்றால் இன்றே பேசிவிடுங்கள். கோபமாகப் பேச வேண்டாம், அவர்கள் மனசு நல்ல மனசு. பைபிளை எடுத்து மல்கியா மூன்றாம் அதிகாரத்தை ஐந்தாம் வசனத்திலிருந்து சேர்ந்து வாசியுங்கள்.