ஜுரத்துல தப்பிச்ச பொண்ணு

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்கு 'கார்-டி செல்'னு ஏதோ வந்திருக்காமே, நம்ம ரத்தத்தையே எடுத்து மருந்தாக்குறாங்களா? – ஒரு வாசகி

பதில்: கிட்டத்தட்ட அப்படித்தாங்க. ரத்தத்துல இருக்கிற டி செல்லை (நோயோட சண்டை போடற ஒரு வகை வெள்ளணு) மெஷின்ல பிரிச்செடுத்து, லேப்ல அதுக்குள்ள ஒரு புது ஜீனை நுழைச்சு, சிடி19ங்கிற அடையாளம் எந்த செல் மேல இருக்கோ அதைத் தேடிப்போய் அடின்னு பழக்கி, கோடிக்கணக்குல பெருக்கித் திரும்ப உடம்புலயே ஏத்திடறாங்க. (ஆன்டிபாடி செய்யுற வெள்ளணுவான பி செல் மேலயும் அந்த அடையாளம் இருக்கிறதால, நல்ல பி செல்லும் சேர்ந்து அடிவாங்கும், அது வேற கதை.)

2012ல அமெரிக்காவுல, பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில எமிலி வைட்ஹெட்ங்கிற 6 வயசுப் பொண்ணுக்குத்தான் குழந்தைகள்ல முதல்ல குடுத்தாங்க, ரெண்டு தடவை கேன்சர் திரும்பி வந்த கேஸ். ஏத்தின கொஞ்ச நாள்ல ஜுரம் கொளுத்தி வென்டிலேட்டர் வரைக்கும் போயிடுச்சு. டெஸ்ட் பண்ணா ஐஎல்-6ங்கிற, அழற்சியைத் தூண்டுற புரதம் எக்கச்சக்கம். இந்த சிகிச்சையை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான டாக்டர் கார்ல் ஜூனோட மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால ஐஎல்-6ஐத் தடுக்கிற டோசிலிசுமாப்ங்கிற மருந்து அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதைப் போட்டதும் ஜுரம் இறங்கி, 7வது பிறந்தநாள் அன்னைக்கு கண்ணு முழிச்சா பாருங்க!

நம்ம நாட்டுல ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19ங்கிற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சுது. ஆனா எடுத்தவுடனே இதுக்குப் போகமாட்டாங்க, கேன்சர் பி செல்லுல வர்ற வகையா இருக்கணும், வழக்கமான கீமோவும் கேக்காம போயிருக்கணும்.