"என் எச்-இண்டெக்ஸ் 9தான், அக்கா!"

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. சிங்கப்பூரில் நுரையீரல் நோய் ஆராய்ச்சியில் பத்து வருடமாக இருக்கிறேன். அடுத்த ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் எச்-இண்டெக்ஸ், அதாவது என் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்று சொல்லும் எண், கேட்கிறார்கள். என்னுடையது 9. என்னோடு படித்துவிட்டுப் புற்றுநோய் உயிரணு ஆராய்ச்சிக்குப் போன தோழிக்கு 24. தீபாவளிக்கு வந்த சித்தப்பா கைபேசியில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் செய்ததெல்லாம் வீண்தானா? கட்டுரைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்காங்

பதில்: அன்புத் தங்கைக்கு,

சுவாச நோய்ப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். இந்தப் படிவங்களை நிரப்பியும் இருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். நீங்கள் செய்தது எதுவும் வீண் இல்லை. அதற்காக, அந்த எண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பொய் சொல்லவும் மாட்டேன். பார்ப்பார்கள். அது எப்படி வருகிறது என்பது அவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. குறைந்தது 9 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 9 இருந்தால் உங்கள் எண் 9. ஒரு கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அது ஒரு கட்டுரையாகத்தான் எண்ணப்படும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். முதல் நான்கு கட்டுரைகளில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் இருப்பது போலவே 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்று அப்பா பெயரோடு அச்சாகியிருக்கிறது. பிறகு வந்தவற்றில் அப்பா பெயர் வெறும் தலைப்பெழுத்தாகிவிட்டது. மேற்கோள்களை எண்ணும் இணையத் தரவுத்தளத்துக்கு நம் பெயர் வைக்கும் வழக்கம் தெரியுமா? கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு உங்களை இரண்டு ஆளாக்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே தாளில் மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழே எழுதிப் பார்த்தேன். பதினோராவது கட்டுரைக்கு 12 மேற்கோள், பன்னிரண்டாவதற்கு 11. உங்கள் எண் 11, தங்கை. சித்தப்பா பார்த்த பக்கத்தில் அந்த நான்கு கட்டுரைகளும் இல்லவே இல்லை.

இந்த வாரமே 'ஆர்கிட்' (ORCID) எனப்படும் 16 இலக்க ஆராய்ச்சியாளர் அடையாள எண்ணை எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதோடு சேருங்கள். இலவசம்தான். பிரிந்து கிடக்கும் இரண்டு பக்கங்களையும் இணைக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்கும் எழுதுங்கள். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்த எண் என்பதைப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். கூகுளின் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் ஆய்வேடுகள்கூடச் சேர்வதால் பெரும்பாலும் எண் கூடுதலாகவே வரும்.

அடுத்தது தோழியின் 24. புற்றுநோய் உயிரணு ஆராய்ச்சியில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவதும் அதிகம். நம் துறைக்குள்ளேயே கோவிட் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 'லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின்' இதழின் தாக்கக் காரணி (அதில் வந்த ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற கணக்கு) 2020இல் 30ஐ ஒட்டி இருந்தது. 2021இல் 100ஐத் தாண்டியது, அப்புறம் இறங்கிவிட்டது. ஒரே வருடத்தில் இதழின் தரமா மூன்று மடங்கு கூடியது? உலகமே ஒரே நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உள்ளூர்க் கதை ஒன்றும் உண்டு. காசநோய்க்கு ஒரு காலத்தில் ஒன்றரை வருடம், அதற்கு மேலும்கூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதை ஆறு மாதமாகக் குறைத்த சோதனைகளில் சில இந்தத் தீவில் நடந்தவை. அவற்றில் ஒன்று 1979இல் அமெரிக்க சுவாச நோய் இதழில் வெளியானது. நான்கு மாதத்தில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம், ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்கு மிகக் குறைவு. அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கப்பூர் காசநோய்ச் சேவை, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் என்று இரண்டு அமைப்புகளின் பெயர்தான் இருக்கிறது. சளி மாதிரி வாங்கியவர்கள், மாத்திரையை எண்ணிக் கொடுத்தவர்கள் யாருடைய எச்-இண்டெக்ஸும் அதனால் ஏறவில்லை. ஆறு மாத சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது.

உங்கள் பட்டியலின் அடியில் மூன்றே மூன்று மேற்கோளோடு ஒரு கட்டுரை கிடக்கிறது. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வரும் முதியவர்கள் மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்ப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. குலுக்காமல் அழுத்துகிறார்கள். மூச்சை முழுக்க வெளியே விடாமலே இழுக்கிறார்கள். இழுத்த மூச்சைப் பத்து வினாடி அடக்காமல் உடனே விட்டுவிடுகிறார்கள். நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடுகிறது. கட்டுரைக்குப் பிறகு அங்கே தமிழிலும் படம் போட்ட கையேடு தருகிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில்! படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி அது.

'டோரா' (DORA) அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆராய்ச்சியாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி, அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை. உங்கள் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் படிவத்தில் தயங்காமல் குறிப்பிடுங்கள்.

எண்ணை ஏற்றுவதற்காகத் தேவையில்லாத இடத்தில் உங்கள் கட்டுரைகளை நீங்களே மேற்கோள் காட்டாதீர்கள். படிவத்தைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நானே கண்டுபிடித்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

படிவத்தில் 11 என்று எழுதுங்கள். அதன் கீழே மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள், அதனால் நோயாளிக்கு என்ன மாறியது என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள். பம்ப் கட்டுரை முதலில் வரட்டும். அந்தத் தமிழ்க் கையேட்டின் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆறு வரிகளை எனக்கு ஒரு தடவை காட்டுங்கள், படித்துச் சொல்கிறேன்.